கணக்கில் வராத உழைப்பு

ஒரு சமுதாயம் எவற்றை எண்ணுகிறது, எவற்றை எண்ணாது விடுகிறது என்பதைக் கொண்டே அதன் மதிப்பீடுகளைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். நிலவரி ஏட்டிலே நிலவுடைமையாளனின் பெயர் இருக்கும். உழுதவனின் பெயர் இராது. கோயிற் கல்வெட்டிலே பொன் கொடுத்தவனின் பெயர் இருக்கும். கல் சுமந்தவனின் பெயர் இராது. விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர், விளையாட்டரங்கிலும் இதே வழக்கம் வேரூன்றியிருப்பதைக் கவனிப்பதில்லை.

கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1891 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தை உருவாக்கினார். பந்தை வளையத்தினுள் எறிபவன் ஒருவன். அவனை எறியவிடாது மறிப்பவன் மற்றொருவன். இருவருடைய உழைப்பும் சேர்ந்ததே ஆட்டம். ஆயினும், எறிந்தவனுடைய புள்ளிகள் தொடக்கந்தொட்டே ஏட்டில் ஏறின. மறித்தவனுடைய உழைப்பில் ஒரு பகுதியாவது எழுதப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. அமெரிக்கத் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கம் 1946 இல் தோன்றியது. எதிரி எறிந்த பந்தை வானிலேயே தட்டிவிடுவதையும், எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதையும் அச்சங்கம் 1973–74 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்துதான் அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியது. பொஸ்ரன் நகர அணி 13 பருவங்களில் 11 தடவை வாகை சூடுவதற்குத் தூணாக நின்ற பில் ரசல் 1969 இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தடுப்பாட்டத்தை ஒரு கலையாக உயர்த்திய அம்மனிதர் எத்தனை பந்துகளைத் தட்டிவிட்டார் என்பதற்கு அதிகாரபூர்வமான கணக்கு எதுவும் இல்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கும் வழக்கமும் 1982–83 பருவத்திலேதான் ஏற்பட்டது.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான் பென் வொலஸ் என்னும் ஆட்டக்காரரின் வரலாறு அதன் முழுப் பொருளையும் நமக்கு உணர்த்தும். தொழின்முறைக் கழகங்கள் எவையும் தெரிவு செய்யாது விட்டுவிட்ட ஒருவர், நான்கு தடவை அப்பரிசைப் பெற்றார் என்பது வியப்புக்குரிய செய்திதான். வியப்போடு நின்றுவிடாமல், அவர் ஏன் தெரிவு செய்யப்படவில்லை என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.

தெரிவு என்று இங்கே குறிப்பிடுவது, 'டிராப்ற்' என்னும் பெயரில் 1947 முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் ஏற்பாட்டை. கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளைஞர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தமக்கெனப் பெயர் குறித்துக்கொள்கின்றன. நலிந்த கழகத்துக்கு முன்னுரிமை கிடைப்பதால் அணிகளிடையே சமநிலை உண்டாகும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். இந்நியாயத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், தன் உழைப்பை யாரிடம் விற்பது என்பதைத் தொழிலாளி தானே தீர்மானிக்க முடியாத ஒரு சந்தை இது என்பதும் உண்மையே. இக்கட்டுப்பாடுகளை எதிர்த்து ஆட்டக்காரர் சங்கம் 1970 இல் ஒஸ்கார் றொபேட்சன் என்பவரின் பெயரில் வழக்குத் தொடுத்தது. 1976 இல் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னரே ஆட்டக்காரர் ஒரு கழகத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் உரிமை படிப்படியாக விரிந்தது.

1996 ஆம் ஆண்டு யூன் மாதம் நடைபெற்ற தெரிவில் 29 கழகங்கள், இரு சுற்றுக்களில், 58 பெயர்களைக் குறித்துக்கொண்டன. முதலாவது பெயர் அலன் ஐவர்சன். பதின்மூன்றாவது பெயர், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த கோபி பிறையன்ற். இவ்விருவரும் பின்னர் உலகப் புகழ் எய்தினர். அந்த 58 பெயர்களில் பென் வொலஸின் பெயர் இல்லை.

அவர் பிறந்த மண்ணைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1974 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் அலபாமா மாநிலத்து லவுண்ஸ் மாவட்டத்திலுள்ள வைற்ஹோல் என்னும் சிற்றூர்ப்புறத்தில், பதினொரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பத்தாவது பிள்ளையாக அவர் பிறந்தார். அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், அம்மாவட்டத்தின் பெயர் அமெரிக்கா எங்கும் அடிபட்டது. அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்த நிலம் அது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பின மக்கள். எனினும், 1965 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்காளர் பதிவேட்டில் அவர்களுள் ஒருவருடைய பெயர்கூட இடம்பெற்றிருக்கவில்லை. அதே பதிவேட்டில் இருந்த வெள்ளையர் பெயர்களின் தொகையோ, வாக்களிக்கும் வயதையடைந்த வெள்ளையர் தொகையை விஞ்சி நின்றது! ஒரு சாராரில் உயிரோடிருப்போரை எண்ணாதுவிட்ட ஏடு, மறுசாராரில் இல்லாதோரையும் எண்ணிக்கொண்டது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் செல்மா நகரிலிருந்து மொன்ற்கொமறி நகர்வரை வாக்குரிமைக்காக நடந்த பேரணி இம்மாவட்டத்தை ஊடறுத்துச் செல்லும் 80 ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாகவே சென்றது. பேரணி முடிந்த மார்ச் 25 ஆம் திகதி இரவு, அதில் பங்குபற்றியோரைத் தமது மோட்டார் வண்டியில் ஏற்றியிறக்கிக்கொண்டிருந்த வயோலா லியுஸோ என்னும் வெள்ளையினப் பெண்மணி, அந்நெடுஞ்சாலையில், லவுண்ஸ் மாவட்ட எல்லைக்குள் வைத்து, கூ குளக்ஸ் கிளான் என்னும் இனவெறிக் கூட்டத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து பிள்ளைகளின் தாயாகிய அவர், வடக்கேயுள்ள டெற்றோயிற் நகரிலிருந்து வந்தவர். அந்நகரின் பெயரை நாம் மீண்டும் சந்திப்போம். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம், மாவட்டத் தலைநகராகிய ஹேன்வில்லில் யொனதன் டானியல்ஸ் என்ற இறையியல் மாணவர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவனை, வெள்ளையர் மாத்திரமே அமர்ந்திருந்த யூரர் குழு குற்றமற்றவனென விடுவித்தது.

வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட 'குற்றத்திற்காக' வாரக் குடியானவர் பலர் நிலத்திலிருந்து விரட்டப்பட்டனர். அவர்கள் நெடுஞ்சாலையோரத்திலே கூடாரம் அடித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். அக்கூடார நகரம் இருந்த இடம் வைற்ஹோல் பகுதியிலேயே உள்ளது. இன்று அங்கே ஒரு வரலாற்று நிலையம் நிற்கிறது. இவ்வளவு அடக்குமுறைக்கும் இடையில் ஜோன் ஹுலற் முதலியோர் தமக்கென ஓர் அரசியல் அமைப்பை உருவாக்கினர். கருஞ்சிறுத்தையை அதன் சின்னமாக்கினர். 1966 இல் நடந்த தேர்தலில் அவர்கள் தோல்வியுற்றனர். ஆயினும், 1970 இல் அதே ஹுலற் அம்மாவட்டத்தின் ஷெரிப்பாகத் தெரிவு செய்யப்பட்டார். பென் வொலஸ் பிறந்தபோது சட்டம் மாறியிருந்தது; நிலமும் செல்வமும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தன.

வறுமையும் பெரிய குடும்பமும் அவருக்கு முதற்பாடத்தைக் கற்பித்தன. மூத்த சகோதரர்களோடு பந்தாடும்போது இளையவனுக்கு யாரும் பந்து கொடுப்பதில்லை. வளையத்திற் பட்டுத் திரும்பும் பந்தைத் தாவிப் பிடித்தால், அல்லது பிறர் கையிலிருந்து பறித்தால்தான் அவனுக்குப் பந்து. தம் ஆட்டத்தின் இயல்பு இவ்வாறு அமைந்ததென அவரே கூறியிருக்கிறார். பள்ளி நாட்களில் ஊராருக்கு முடிவெட்டிச் சேர்த்த காசைக் கொண்டு, சாள்ஸ் ஓக்லி என்ற தொழின்முறை ஆட்டக்காரர் நடத்திய பயிற்சி முகாமுக்குச் சென்றார். புள்ளிக் குவிப்பினால் அன்றி, முரட்டு உழைப்பினால் பெயர் பெற்றவர் ஓக்லி. முகாமில் இச்சிறுவனின் உறுதியைக் கண்டுகொண்ட அவர், அன்றுமுதல் வழிகாட்டியாக விளங்கினார்.

வொலஸ் முதலில் கிளீவ்லாண்ட் நகரிலுள்ள ஓர் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியிலும், பின்னர் ஓக்லி முன்னர் பயின்ற வேர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்திலும் கற்றார். றிச்மண்ட் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் வரலாறு தனியே எழுதத்தக்கது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865 ஆம் ஆண்டில், விடுதலையடைந்த அடிமைகளுக்குக் கல்வி புகட்டும் நோக்கத்துடன் அதன் மூல நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று 1867 இல் வகுப்புக்களை நடத்திய இடம், முன்னர் விற்பனைக்குரிய அடிமைகளைப் பூட்டிவைத்த சிறைக்கூடம். இத்தகைய கல்லூரிகளுள் பல, பணமும் விளம்பரமும் மிகுந்த முதற்பிரிவு ஆட்டங்களில் இடம்பெறுவதில்லை. இரண்டாம் பிரிவிலேயே ஆடுகின்றன. 1996 இல் வொலஸின் அணி 28 வெற்றிகளையும் 3 தோல்விகளையும் பெற்று, இரண்டாம் பிரிவின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. ஆனால், ஆள் தேடிச் செல்லும் கழகப் பிரதிநிதிகளின் பாதை அந்தப் பக்கம் அதிகம் செல்வதில்லை.

சென்றவர்களும் எதைக் கண்டனர்? வளையத்தடியில் நிற்கும் நடுநிலை ஆட்டக்காரர் ஏழடி உயரமேனும் இருத்தல் வேண்டும் என்பது சந்தையின் விதி. வொலஸின் உயரம் அதிகாரபூர்வமாக 6 அடி 9 அங்குலம். அதுவும் மிகைப்படுத்தப்பட்டது, தாம் 6 அடி 7 அங்குலமே என்று அவர் பின்னர் கூறினார். தொலைவிலிருந்து எறிவதில் அவருக்குத் திறமை இல்லை. அவர் எதைச் செய்ய வல்லவரோ, அதனை அளப்பதற்குக் கழகங்களின் கையிலே ஒரு கோல் இருக்கவில்லை. பொஸ்ரன் கழகம் கோடைகாலப் பரீட்சார்த்த ஆட்டங்களில் அவரைப் பொருந்தாத வேறொரு நிலையில் ஆடவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. இறுதியில், 1996 ஒக்ரோபரில் வாஷிங்ரன் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அக்கழகத்தின் நிர்வாகப் பொறுப்பில் அப்போதிருந்தவர் வெஸ் அன்செல்ட். தாமும் 6 அடி 7 அங்குல உயரத்தோடு நடுநிலையில் ஆடி, திரும்பும் பந்தைப் பிடிப்பதில் புகழ் ஈட்டியவர் அவர். இது தற்செயல் என்று தோன்றவில்லை. ஏட்டில் இடம்பெறாத உழைப்பை, அவ்வுழைப்பைத் தானும் செய்தவனே எளிதில் இனங்காண்கிறான்.

முதற் பருவத்தில் அவர் ஆடியது 34 ஆட்டங்கள் மாத்திரமே. 1999 இல் ஓலாண்டோ கழகத்துக்குக் கைமாற்றப்பட்டார். 2000 ஆம் ஆண்டு ஓகஸ்றில், டெற்றோயிற் நகரின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கிறான்ற் ஹில் ஓலாண்டோவுக்குச் செல்ல விரும்பியபோது, அதற்கு ஈடாகச் சக்கி அற்கின்ஸ் என்பவரோடு சேர்த்து வொலஸை அனுப்பினர். பெரும்பொருளை விற்கும்போது நிறையைச் சரிப்படுத்தத் தராசின் மறுதட்டில் இடும் சிறு கல்லைப் போன்றே பலரும் அவரைக் கருதினர். ஹில்லோ காயங்களினால் நெடுங்காலம் ஆடமுடியாமற் போனார். வொலஸ் தடுப்பாட்டத்தின் வரலாற்றையே திருப்பி எழுதினார்.

2001–02 பருவத்தில், ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 13 திரும்பு பந்துகளைப் பிடித்தும், மூன்றுக்கு மேற்பட்ட எறிகளைத் தட்டிவிட்டும், இரு துறைகளிலும் முழுச் சங்கத்திலும் முதலிடம் பெற்றார். அடுத்த பருவத்தில் திரும்பு பந்துச் சராசரி 15.4 ஆக உயர்ந்தது. 2002, 2003, 2005, 2006 ஆகிய நான்கு ஆண்டுகளில் சிறந்த தடுப்பாட்டக்காரர் பரிசு அவருக்கே கிடைத்தது. அவருக்கு முன்னர் அப்பரிசை நான்கு தடவை பெற்றவர் டிக்கம்பே முற்றோம்போ ஒருவரே. முற்றோம்போவின் உயரம் ஏழடிக்கும் மேல்.

எண்களையும் கடந்த ஒன்று அவரது ஆட்டத்தில் இருந்தது. தடுப்பாட்டம் என்பது தன் எதிராளியை மறிப்பதோடு முடிவதில்லை. சகஆட்டக்காரன் ஏமாந்துபோன கணத்தில், தன் இடத்தைவிட்டுப் பாய்ந்து அவனுடைய இடைவெளியை அடைக்கவேண்டும். உடனே திரும்பித் தன் இடத்தையும் காக்கவேண்டும். வொலஸ் பின்னால் நிற்கிறார் என்ற நம்பிக்கையிலேதான் முன்வரிசையினர் துணிந்து எதிரியை நெருக்கினர். அவரைக் கண்டு எதிரி எறியாமலே விட்ட எறிகள் எந்த ஏட்டிலும் இல்லை. பிறருடைய தவறைத் தன் தோளில் ஏற்கும் இக்கடமை, கூட்டு உழைப்பின் அடிப்படைப் பண்பாகும்.

அவர் குறையற்றவர் என்று கூறவரவில்லை. எதிரணியின் தவறுக்காக வழங்கப்படும் தடையற்ற எறிகளில் அவர் வென்றது நூற்றுக்கு 41 அளவே. நெடுங்காலம் ஆடியோருள் இதனினும் தாழ்ந்த விகிதம் காண்பதரிது. 1,088 ஆட்டங்களில் அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 6,254; பிடித்த திரும்பு பந்துகளோ 10,482. புள்ளிகளையே செல்வமாகக் கருதும் கண்ணுக்கு இவர் ஏழை. ஆட்டத்தை முழுமையாக நோக்கும் கண்ணுக்கு அவ்வாறல்லர்.

இத்தகைய ஒருவரை டெற்றோயிற் நகரம் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதற்கு ஒரு சமுதாயக் காரணம் உண்டு. பிஸ்ரன்ஸ் என்ற அணியின் பெயரே மோட்டார் எந்திரத்தின் ஓர் உறுப்பைக் குறிப்பது. போட் வேய்ன் நகரில் பிஸ்ரன் வார்க்கும் தொழிற்சாலை வைத்திருந்த பிறெட் ஸொல்னர் தொடங்கிய அணி அது. 1957 இல் மோட்டார் தொழிலின் தலைநகராகிய டெற்றோயிற்றுக்கு இடம்பெயர்ந்தது. தெற்கின் பருத்தி வயல்களிலிருந்து தப்பிவந்த இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இந்நகரின் ஆலைகளில் வேலை தேடினர். வயோலா லியுஸோ டெற்றோயிற்றிலிருந்து லவுண்ஸுக்குச் சென்ற பாதையை, எதிர்த்திசையில் பல்லாயிரவர் முன்னரே நடந்து வந்திருந்தனர். வொலஸும் அதே திசையில் வந்தவரே. ஆனால், அவர் வந்தபோது ஆலைகள் பல மூடிக்கிடந்தன. 1950 இல் 18 இலட்சத்துக்கு மேலிருந்த நகர மக்கள் தொகை, 2000 இல் ஏறத்தாழ 9½ இலட்சமாகச் சுருங்கியிருந்தது. வேலையிழந்த நகரம், வேலை செய்வதையே தன் ஆட்டமாகக் கொண்ட ஒருவனிடத்தில் தன் முகத்தைக் கண்டது.

2004 ஆம் ஆண்டு இறுதிப்போட்டியில் பிஸ்ரன்ஸ் அணி லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியைச் சந்தித்தது. லேக்கர்ஸ் பக்கத்தில் ஷக்கீல் ஓ நீல், கோபி பிறையன்ற், கார்ல் மலோன், கெரி பெய்ற்றன் என நான்கு பெரும் பெயர்கள். டெற்றோயிற் பக்கத்தில், பல கழகங்களிடையே கைமாறி வந்த சோன்ஸி பிலப்ஸும், எவராலும் தெரிவு செய்யப்படாத வொலஸும், அவர்களை ஒத்த தோழர்களும். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் டெற்றோயிற் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் பெற்றது 68 புள்ளிகள் மாத்திரமே. யூன் 15 ஆம் திகதி நடந்த கடைசி ஆட்டத்தில் வொலஸ் 18 புள்ளிகளும் 22 திரும்பு பந்துகளும் பெற்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் பதின்மூன்றாவதாகக் குறிக்கப்பட்ட பெயரும், குறிக்கப்படாத பெயரும் அன்று ஒரே களத்தில் நின்றன. அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியில் பிஸ்ரன்ஸை வென்ற சான் அன்ரோனியோ அணியிலும், புறூஸ் போவன் என்ற தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் இருந்தார். அவரும் 1993 இல் தெரிவு செய்யப்படாது விடப்பட்டவரே! ஒருவரைத் தவறவிட்டால் அது கவனக்குறைவு எனலாம். ஒரே வகைத் திறமையை மீண்டும் மீண்டும் தவறவிட்டால் அளவுகோலே பழுது என்றுதான் கொள்ளவேண்டும்.

இங்கே நாம் எச்சரிக்கையோடும் இருத்தல் வேண்டும். உழைப்பாளியின் தோற்றத்தை விளம்பரமாக விற்பதற்கும் முதலாளித்துவம் அறிந்திருக்கிறது. 'வேலைக்குப் போகிறோம்' என்பது அக்காலத்தில் பிஸ்ரன்ஸ் கழகத்தின் விளம்பர வாசகம். அவர்கள் ஆடிய அரங்கமோ நகரத்துக்கு வெளியே, செல்வம் மிகுந்த புறநகர்ப் பகுதியில் இருந்தது. 2004 நவம்பரில் அவ்வரங்கில் மூண்ட கைகலப்பு, வொலஸ் எதிரணி ஆட்டக்காரரைத் தள்ளியதிலிருந்தே தொடங்கியது. அதற்காக ஆறு ஆட்டங்கள் அவருக்குத் தடைவிதிக்கப்பட்டது. 2006 இல் நான்கு ஆண்டுகளுக்கு 6 கோடி டொலர் என்ற ஒப்பந்தத்தில் அவர் சிக்காகோ சென்றார். 2009 இல் டெற்றோயிற்றுக்குத் திரும்பி 2012 இல் ஓய்வுபெற்றார். தனி மனிதன் ஒருவன் உயர்ந்துவிட்டதனால் அவன் பிறந்த மண் உயர்ந்துவிடுவதில்லை. 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லவுண்ஸ் மாவட்டத்தில் பரிசோதிக்கப்பட்டோருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரிடம் கொழுக்கிப்புழுத் தொற்றின் தடயத்தைக் கண்டது. கழிவுநீர் செல்ல வழியற்ற குடிமனைகளின் நோய் அது. உலகின் மிகப் பெரிய செல்வநாட்டில், வாக்குரிமைக்கு இரத்தம் சிந்திய மண்ணில், அவ்வாய்வு கண்ட நிலை இது.

2021 இல், ஆட்டம் பிறந்த ஸ்பிறிங்பீல்ட் நகரின் புகழ்மண்டபத்தில் பென் வொலஸின் பெயர் பொறிக்கப்பட்டது. நவீன காலத்தில், தெரிவு செய்யப்படாத ஓர் ஆட்டக்காரர் அம்மண்டபத்தில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. 'திறமை இருந்தால் எவரும் உயரலாம் என்பதற்கு இவரே சான்று' என்று சிலர் கூறுவர். வரலாறு காட்டுவது வேறு. முடிவெட்டிச் சேர்த்த காசு, ஓர் ஓக்லி, விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தோன்றிய ஒரு கல்லூரி, ஓர் அன்செல்ட் — இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும் நாம் இப்பெயரை அறிந்திருக்கமாட்டோம். அவ்வாறு தவறிப்போனோர் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் சொல்லாது. லவுண்ஸ் மக்கள் 1965 இல் தம்மை எண்ணுமாறு ஒருவர் இருவருக்காக மன்றாடவில்லை. ஏட்டையே மாற்றுமாறு போராடினர். வொலஸைப் போற்றுவோர், அப்போராட்டத்தின் பொருளையும் உடன் நினைவிற்கொள்வதே முறையாகும்.